தோற்கட்டிகளில் வைரசுத் தேடல்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொள்ளைநோய்களையே நாடிச் செல்வர். பிளேக்கும் வாந்திபேதியும் பெரியம்மையும் அரசுகளை அசைத்தவை. ஆதலின் அவற்றுக்கு வரலாற்றில் இடங்கிடைத்தமை வியப்பன்று. கையிலே தோன்றும் ஒரு மருவுக்கோ, முகத்தில் மயிர்க்காலின் அருகே எழும் ஒரு சிறு கட்டிக்கோ அத்தகைய பெருமை எதுவுமில்லை. ஆயினும், ‘இந்நோய்க்கு இதுவே காரணம்’ என ஒருவர் துணிந்து கூறுவதற்கு எத்தகைய சான்று வேண்டும் என்ற வினாவை ஆராயப் புகுவோர்க்கு இச்சிறு கட்டிகளின் வரலாறு நல்லதொரு களமாகும். மனிதப் பப்பிலோமா வைரசு மருவைத் தோற்றுவிப்பது என்பதில் இன்று ஐயமில்லை. அதே வைரசு தோலில் அரிதாகத் தோன்றும் தீங்கற்ற வேறு கட்டிகளுக்கும் காரணமாகுமா என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்காக இருந்து வருகின்றது. அவ்வழக்கு எவ்வாறு எழுந்தது, ஏன் தீரவில்லை என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

மரு மனிதனுக்குப் புதியதன்று. கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய ஆசிரியர் செல்சசு, தமது மருத்துவ நூலில் மருக்களை அவற்றின் தோற்றம் கொண்டு வகைப்படுத்தியுள்ளார். ஆனால் அது தொற்றுவது என்ற கருத்து ஆய்வுமுறையில் நிறுவப்படுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1896இல் ஜேர்மனியத் தோல்நோய் மருத்துவரான யோசப் யடசோன், மருவின் துணுக்குகளைத் தோலில் பதித்துப் புதிய மருக்களைத் தோற்றுவித்துக் காட்டினார். எனினும் தொற்றும் பொருள் யாது என்பது அப்பொழுதும் தெரியவில்லை. பற்றீரியாவைத் தேடியோர் பலர். கண்டதாகக் கூறியோரும் உளர்.

இதற்கிடையில் புகையிலைச் செடியின் சித்திர நோயை ஆராய்ந்த இவனொவ்ஸ்கி 1892இலும், பெய்ஜெறிங்க் 1898இலும் பற்றீரியாக்கள் கடக்கவியலாத நுண்துளை வடிகட்டிகளையும் கடந்து செல்லும் தொற்றுப்பொருள் ஒன்று உண்டென்று காட்டியிருந்தனர். வைரசு என்னும் எண்ணம் இங்ஙனம் ஒரு வடிகட்டியினால் உருவாயிற்று. அது எத்தகையது என்று எவரும் கண்டிலர்; எதனைக் கடந்தது என்பதை மட்டுமே அறிந்திருந்தனர். இம்முறையை மருவுக்குப் பயன்படுத்தியவர் இத்தாலியரான ஜுசெப்பே சியூபோ. 1907இல் அவர் மருக்களை அரைத்து, வடிகட்டி, கலங்கள் எவையும் அற்ற அவ்வடிதிரவத்தைத் தமது கையிலேயே ஏற்றிக்கொண்டார். மாதங்கள் சில கழிந்தபின் அங்கு மருக்கள் தோன்றின. மனிதத் தோலில் எழும் ஒரு வளர்ச்சி வைரசினால் உண்டாவது என்பதற்கு இதுவே முதற் சான்று. தம்மீதே சோதனை செய்த ஒருவரின் கையே அச்சான்றின் களமாக அமைந்தமை அக்கால மருத்துவத்தின் இயல்பைக் காட்டுகின்றது. இன்று எந்த ஒழுக்கநெறிக் குழுவும் அதற்கு இசையாது.

சியூபோவின் பரிசோதனை பெரிய பரபரப்பை உண்டாக்கவில்லை. மரு ஓர் அற்ப நோய் என்பது ஒரு காரணம். கட்டிகள் தொற்றுவதில்லை என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் வேரூன்றியிருந்தமை மற்றையது. 1911இல் பெய்ரன் றவுஸ் என்பார் கோழிகளில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டியைக் கலமற்ற வடிதிரவத்தினாற் பிற கோழிகளுக்கு மாற்றிக் காட்டியபோதும் நேர்ந்தது இதுவே. அவருக்கு நோபல் பரிசு 1966இல் வழங்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த அப்பரிசு, அவரைப் பாராட்டியது போலவே அவரை நம்ப மறுத்த காலத்தின்மீதும் தீர்ப்புரைத்தது எனலாம்.

கதையின் திருப்பம் முயல்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் வாழும் காட்டுமுயல்கள் சிலவற்றின் தலையிலும் உடலிலும் கரிய கொம்பு போன்ற வளர்ச்சிகள் இருப்பதை வேட்டையாடுவோர் நெடுங்காலமாக அறிவர். ரொக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த றிச்சாட் ஷோப் 1933இல் இக்கொம்புகளை அரைத்து வடித்த திரவத்தால் ஏனைய முயல்களிலும் அவற்றைத் தோற்றுவித்தார். முலையூட்டி ஒன்றில் கட்டியை உண்டாக்கும் வைரசொன்று இங்ஙனம் கையில் அகப்பட்டது. ஷோப் அதனைத் தம் நண்பர் றவுசிடம் கையளிக்க, றவுசும் அவருடன் பணியாற்றிய பியேட்டும் 1935 அளவில் இவ்வளர்ச்சிகள் வீட்டுமுயல்களில் காலப்போக்கில் புற்றுநோயாக மாறுவதைக் கண்டனர்.

ஆயின் அங்கு ஒரு புதிர் இருந்தது. காட்டுமுயலின் கட்டியை அரைத்தால் வைரசு தாராளமாகக் கிடைத்தது; அதனால் அடுத்த முயலுக்கும் நோயைத் தொற்றவைக்கலாம். வீட்டுமுயலிலோ அதே வைரசினால் அதே வகைக் கட்டி எழுந்தும், அக்கட்டியிலிருந்து தொற்றும் வைரசைப் பெறுதல் பெரும்பாலும் இயலவில்லை. தாமே கையால் ஏற்றிய வைரசு, தான் உண்டாக்கிய கட்டியினுள் மறைந்துவிட்டது. ‘முகமூடியிட்ட வைரசு’ என்னும் பொருள்படும் சொல்லாட்சி அக்காலத்தில் வழங்கலாயிற்று. நோய்க்கிருமி நோயுற்ற ஒவ்வோர் உடலிலும் காணப்படவேண்டும், அதனைப் பிரித்து வளர்த்தல் வேண்டும், வளர்த்ததனால் மீண்டும் நோயை உண்டாக்குதல் வேண்டும் என்று றொபேட் கொக்கின் பெயரால் வழங்கிய விதிகள் இங்குப் பொருந்தவில்லை. 1937இல் தோமஸ் றிவர்ஸ் அவ்விதிகளை வைரசுகளுக்கேற்பத் தளர்த்த வேண்டுமென்று எழுதியமைக்கு இத்தகைய இடர்ப்பாடுகளே பின்னணியாகும். கட்டியில் வைரசு காணப்படவில்லை என்பது வைரசு காரணமன்று என்பதற்குச் சான்றாகாது என்பதை முயல்கள் கற்பித்தன. இப்பாடம் பின்னர் வேறொரு வகையிலே பயன்படுத்தப்படவிருந்தது.

1949இல் ஸ்ட்றோஸ் முதலியோர் மருக்களிலிருந்து பெற்ற துணிக்கைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டனர். பளிங்கினைப் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த அவற்றை, எச்சரிக்கையுடன், ‘வைரசு போன்ற துணிக்கைகள்’ என்றே அவர்கள் குறித்தனர். அச்சொற்றெரிவு பாராட்டத்தக்கது. பின்வந்தோர் எல்லோரும் அத்தகைய அடக்கத்தைக் கைக்கொண்டனர் என்று கூறுவதற்கில்லை.

தோல்நோயியலில் இவ்வைரசின் வரலாற்றை மாற்றியமைத்தது மிக அரிதானதொரு நோய். 1922இல் பீலிக்ஸ் லெவன்டொவ்ஸ்கி, வில்ஹெல்ம் லுட்ஸ் ஆகிய இருவரின் பெயரால் அது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. இளமையிலேயே உடலெங்கும் தட்டையான மருப்போன்ற தடிப்புகள் தோன்றி, வெயில்படும் இடங்களில் உள்ளவை பல ஆண்டுகளின்பின் புற்றாக மாறுவது அதன் இயல்பு. ‘எப்பிடேர்மோடிசுப்பிளாசியா’ என்று அவர்கள் இட்ட பெயர், மேற்றோலின் பிறழ்ந்த வளர்ச்சி என்று பொருள்படும். அதாவது இது பிறவிக் குறைபாடு என்பதே அவர்தம் துணிபு. பெயரிடும்போதே காரணமும் தீர்ப்பாகிவிட்டது.

இத்தீர்ப்பை மாற்றியவர்களுள் தலையாயவர் வார்சோ நகரின் ஸ்ரெபானியா யபுலொன்ஸ்கா. 1957இல் அவரும் மிலெவ்ஸ்கியும் இந்நோயாளரின் தடிப்புகளிலிருந்து எடுத்த பொருளைத் தோலில் பதித்து, அவை தொற்றுவன என்று காட்டினர். போரினாற் சிதைந்து மீண்ட ஒரு நகரில், கிழக்கு ஐரோப்பாவுக்கும் மேற்குக்கும் இடையே தடைகள் பல இருந்த காலத்தில், அவர் பாரிசின் பாஸ்ரர் நிறுவகத்து ஜெரார் ஓர்த்துடன் நெடுங்காலம் இணைந்து பணியாற்றினார். நோயாளர் வார்சோவில், மூலக்கூற்று ஆய்வு பாரிசில். 1978இல் அவர்கள் இந்நோயின் தடிப்புகளில் இருப்பவை சாதாரண மருவின் வைரசிலும் வேறுபட்ட வகைகள் என்று நிறுவினர். பப்பிலோமா வைரசு ஒன்றன்று, பல என்பது அவ்வாண்டுகளிலேதான் தெளிவாயிற்று. இன்று அறியப்பட்ட வகைகள் 200க்கும் மேற்பட்டவை.

பிறவிக் குறைபாடா, வைரசா என்ற வழக்கு இத்துடன் வைரசின் பக்கம் தீர்ந்ததாகத் தோன்றலாம். 2002இல் அதே ஓர்த் பங்குகொண்ட ஆய்வொன்று இந்நோயாளர் பலரில் இரு பரம்பரையலகுகளில் விகாரம் இருப்பதைக் கண்டறிந்தது. பிறர் தோலில் தீங்கின்றி வாழும் வைரசுகள் இவர்களின் தோலில் மட்டும் கட்டுப்பாடின்றிப் பெருகுவது அவ்விகாரத்தினாலேயாம். லெவன்டொவ்ஸ்கியும் லுட்ஸும் கூறியதும் சரியாயிற்று; அவர்களை மறுத்தோர் கூறியதும் சரியாயிற்று. எண்பது ஆண்டு விவாதத்தில் பிழைபட்டது ‘இதுவா, அதுவா’ என்று வினாவை அமைத்த முறையேயாகும்.

1970களின் நடுப்பகுதி முதல் ஜேர்மனியில் ஹரால்ட் சூர் ஹௌசன் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் இவ்வைரசைத் தேடிவந்தமை பலரும் அறிந்தது. அக்காலத்தில் ஹேர்பிஸ் வைரசின் இரண்டாம் வகையே குற்றஞ்சாட்டப்பட்டிருந்தது. நோயாளரின் குருதியில் அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்து காணப்பட்டமையே ஆதாரம். தொடர்பு உண்மை, காரணம் வேறு. 1983இல் 16ஆம் வகையும் 1984இல் 18ஆம் வகையும் கட்டிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டன. 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வெற்றியின் நிழல் தோல்நோயியல் மீதும் விழுந்தது. மருவைப் போலத் தோற்றமளிக்கும் எந்தக் கட்டியிலும் இவ்வைரசைத் தேடும் ஆர்வம் ஆய்வுகூடங்களில் பரவியது.

அவ்வார்வம் சில இடங்களில் நல்ல பயனைத் தந்தது. இறைச்சி வெட்டுவோரின் கைகளில் மிகுதியாகக் காணப்படும் மருக்களில் 7ஆம் வகை 1981இல் இனங்காணப்பட்டது. 1965இல் அமெரிக்கப் பழங்குடிச் சிறுவரிடையே விவரிக்கப்பட்ட, வாயின் உட்புறத்தில் மென்மையான தீங்கற்ற புடைப்புகளைத் தோற்றுவிக்கும் அரிய நோயொன்றில் 13, 32 ஆகிய வகைகள் காணப்பட்டன. யப்பானிய ஆய்வாளர் உள்ளங்காலில் தோன்றும் ஒருவகைத் தோற்பையினுள் புதிய வகையொன்றைக் கண்டு, 1992இல் அதனைப் பிரித்தெடுத்தனர். அதுவே 60ஆம் வகை. இவற்றில் சான்று திடமாக இருந்தமைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு நோயிலும் குறிப்பிட்ட வகையே திரும்பத் திரும்பக் காணப்பட்டது. உள்ளங்காற் பையின் கலங்களில் அந்த வைரசுக்கே உரிய மாற்றங்கள் நுணுக்குக்காட்டியிற் புலப்பட்டன. வைரசு இருந்தது, இருந்த இடத்தில் அது தொழிற்பட்ட அடையாளமும் இருந்தது.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். மயிர்ப்புடைப்பின் வெளியுறையை ஒத்த கலங்களாலான சிறிய தீங்கற்ற கட்டியொன்றை ஹெடிங்ரனும் பிரெஞ்சும் 1962இல் விவரித்தனர். ‘ட்றிக்கிலெம்மோமா’ என்பது அதன் பெயர். பெரும்பாலும் முகத்திலே தனித்து எழும் இது, வெறுங்கண்ணுக்கு மருவைப் போலவே தோன்றும். அமெரிக்கத் தோல்நோய்க்குறியியலாளர் பேணாட் அக்கமன் 1980 அளவில் ஒரு துணிந்த கருத்தை முன்வைத்தார். இது தனியான கட்டியே அன்று; மயிர்ப்புடைப்பினுட் பரவி முதுமையடைந்த மருவே இது என்பது அவர் வாதம். அதனை அவர் உருவ ஒப்புமை கொண்டே நிறுவ முயன்றார். கண்கூர்மையில் அவருக்கு இணையானவர் சிலரே. எனினும் உருவம் ஒத்திருத்தல் பிறப்பு ஒத்திருத்தலாகாது என்று எதிர்த்தோரும் பலர்.

இவ்வாதத்துக்குச் சிக்கல் தருவது மற்றொரு நோய். 1963இல் விவரிக்கப்பட்ட கௌடன் நோயில் இக்கட்டிகள் முகத்தில் பலவாகத் தோன்றும். அந்நோயுடையோர்க்கு மார்பிலும் தைரொயிட்டுச் சுரப்பியிலும் புற்றுநோய் வரும் ஆபத்து மிகுதி. அது குடும்பங்களில் வழிவழி வருவது. ஆகவே முகத்திலுள்ள கட்டி மருவா அன்றா என்பது பெயர்பற்றிய வெறும் சச்சரவன்று. மரு என்று கூறி அனுப்பப்படும் நோயாளி ஒருவரின் குடும்பத்தில் மார்புப் புற்றுநோயைத் தேடவேண்டிய தேவை கவனிக்கப்படாமற் போகலாம். ஒரு சிறு கட்டியின் காரணம்பற்றிய விவாதத்தில் உயிர் சம்பந்தப்பட்டிருப்பது இவ்விடத்திலேதான்.

உருவத்தாற் தீராத வழக்கை டீ.என்.ஏ. தீர்க்கும் என எதிர்பார்க்கப்பட்டது. 1991இல் இழையத் துண்டங்களிலேயே வைரசின் டீ.என்.ஏ.யைத் தேடிய ஓர் ஆய்வு, இக்கட்டிகளில் அது இல்லை என்று அறிவித்தது. 1997இல் ஜேர்மனிய ஆய்வாளர் பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் என்னும் முறையால் அதே கட்டிகளில் வைரசின் டீ.என்.ஏ. இருப்பதாக அறிவித்தனர். கௌடன் நோயாளரின் தோற்கட்டிகளிலும் அது காணப்பட்டதாக 2003இல் எழுதப்பட்டது. முரண்பாட்டுக்குக் காரணம் கருவியிலேயே உள்ளது. முன்னைய முறை ஒரு கலத்தினுள் வைரசு ஓரளவு மிகுந்திருந்தாலன்றிக் காட்டாது. பின்னையதோ மிகச்சில துணுக்குகளையும் கோடிக்கணக்கிற் பெருக்கிக் காட்டவல்லது. முதலாவது குறைவாகக் கண்டது. இரண்டாவது அளவுக்கு மிஞ்சிக் கண்டிருக்கலாம்.

அதே 1997ஆம் ஆண்டில் வேறிரு செய்திகள் வெளிவந்தன. அவற்றையும் சேர்த்து நோக்காதார் வழக்கின் ஒரு பக்கத்தையே கேட்டவராவர். ஒன்று, கௌடன் நோய்க்குப் பீ.ரி.ஈ.என். என்னும் பரம்பரையலகின் விகாரமே காரணம் என்பது. மற்றையது, சிறுநீரகமாற்றம் பெற்றோரிடமிருந்து மட்டுமன்றி நலமுடையோரிடமிருந்து பிடுங்கிய மயிர்களிலும் பப்பிலோமா வைரசின் டீ.என்.ஏ. காணப்பட்டது என்பது. 2000ஆம் ஆண்டில் சுவீடனிலிருந்து வந்த ஆய்வு, நலமான தோலில் இவ்வைரசுகள் எங்கும் பரந்து, பல்வகையாக, தீங்கின்றி உறைகின்றன என்று காட்டியது. குழந்தைகளின் தோலிலும் பிறந்து சிலகாலத்துள் அவை குடியேறுகின்றன.

இச்செய்தியின் கனம் எளிதிற் புலப்படும். ட்றிக்கிலெம்மோமா மயிர்ப்புடைப்பிலிருந்து எழுவது. மயிர்ப்புடைப்போ இவ்வைரசுகளின் இயல்பான உறைவிடம். அவ்வாறாயின் அக்கட்டியில் வைரசின் டீ.என்.ஏ.யைக் காண்பது, ஒருவன் வீட்டில் அவனைக் கண்டு, அங்கு நடந்த களவுக்கு அவனே பொறுப்பு என்பதை ஒக்கும். அயலிலுள்ள நலமான தோலையும் அதே முறையால் ஆராய்ந்து ஒப்பிட்டாலன்றி இச்சான்று நிற்காது. அதிலும் தோற்கட்டிகள் பலவற்றிற் காணப்பட்ட வைரசின் அளவு, ஒரு கலத்துக்கு ஒரு பிரதி என்ற கணக்குக்கும் மிகக் குறைவு. கட்டியின் கலங்கள் யாவும் வைரசினால் இயக்கப்படுகின்றன என்றால், பெரும்பாலானவற்றில் அது இல்லாதிருப்பது எங்ஙனம்?

இதற்கு விடையாக ‘தாக்கிவிட்டு மறைதல்’ என்னும் கருதுகோளைச் சிலர் கூறுவர். வைரசு தொடக்கத்தில் கலத்தின் ஒழுங்கைக் குலைத்துவிட்டுப் பின்னர் அகன்றுவிடும். கட்டி தானே வளரும் என்பது அது. ஷோப்பின் முயல்கள் இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால் அம்முயல்களின் கதை உண்மையில் இதற்குத் துணைநிற்பதன்று. பிற்காலத்தில் மூலக்கூற்று முறைகளால் ஆராய்ந்தபோது வீட்டுமுயலின் கட்டிகளில் வைரசின் டீ.என்.ஏ. நிலைத்திருந்தமை தெரிந்தது. மறைந்திருந்தது தொற்றும் துணிக்கையே, வைரசு வெளியேறியிருக்கவில்லை. மறுபுறம் 2018இல் எலிகளில் நிகழ்ந்த பரிசோதனையொன்று 38ஆம் வகை வைரசின் இரு பரம்பரையலகுகள் புறவூதாக் கதிர்களோடு சேர்ந்து கட்டியைத் தொடக்கிவிட்டபின், அவற்றை நீக்கினாலும் கட்டி வளர்ந்தது என்று காட்டியது. எனவே கருதுகோள் வெறுங் கற்பனையன்று. ஆயினும் அது புறவூதாக் கதிர்களால் எழும் தோற்புற்றுநோய் பற்றியது. மயிர்ப்புடைப்பின் தீங்கற்ற கட்டிக்கு அதனை நேரே பொருத்துதல் தகாது. சான்று இன்மையையே சான்றாக்கும் இயல்பு இக்கருதுகோளுக்கு உண்டு என்பதையும் மறத்தலாகாது.

ஒப்பீட்டுக்கு வேறொரு நிகழ்ச்சி கூறலாம். 2008இல் மேர்க்கல் கலப் புற்றுநோய் என்னும் அரிய தோற்கட்டியில் புதியதொரு வைரசு கண்டறியப்பட்டது. அதுவும் நலமான தோலிற் பரவலாக வாழ்வதே. எனினும் கட்டியின் கலங்களில் வைரசின் டீ.என்.ஏ. ஒரே இடத்தில் பதிந்திருந்தமை, கட்டி பெருகுவதற்கு முன்னரே அது அங்கு புகுந்துவிட்டது என்பதைக் காட்டிற்று. தற்செயலாக வந்து தங்கிய வைரசு அவ்வாறு பதிந்திருக்காது. ட்றிக்கிலெம்மோமாவிலோ இத்தகைய சான்று எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, தனித்துத் தோன்றும் அக்கட்டிகளிற் பலவற்றில் எச்.ஆர்.ஏ.எஸ். என்னும் பரம்பரையலகின் விகாரம் இருப்பது 2014இல் அறிவிக்கப்பட்டது.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் தோற்கட்டி வகைப்பாட்டில் ட்றிக்கிலெம்மோமா மயிர்ப்புடைப்பின் தீங்கற்ற கட்டிகளுள் ஒன்றாகவே இடம்பெறுகின்றது. அதேவேளை, பழைய மருவொன்று மயிர்ப்புடைப்பின் தோற்றத்தை மேற்கொள்வதும் உண்டென்று நோய்க்குறியியலாளர் ஒப்புகின்றனர். அவ்வளவில் அக்கமனின் கூர்ந்த பார்வை வீணாகவில்லை. முகத்தில் இத்தகைய கட்டிகள் பலவாக எழுந்த ஒருவரிடம் மருத்துவர் இப்பொழுது முதலில் வினவுவது அவருடைய தாயையும் உடன்பிறந்தோரையும் பற்றியே.